குழந்தைகளின் தோல்நோய்ப் பெயர்களும் நோயறிதல் வரலாறும்: மைசூர், பெங்களூரு வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

நோய்க்குப் பெயரிடுதல் மருத்துவத்தின் முதற்செயல். குழந்தையின் தோலில் தோன்றும் நோய்க்கு அப்பெயரை முதலில் இடுவோர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தாயோ பாட்டியோ ஆவர். ‘அம்மை’ என்று பெயரிட்டால் வேப்பிலையும் விலக்கும் வருகின்றன. ‘கரப்பான்’ என்றால் உணவில் பத்தியம் வருகின்றது. ‘அக்கி’ என்றால் குயவர் வீட்டுக்குக் குழந்தை கொண்டுசெல்லப்படுகின்றது. ஒரு பெயர் ஒரு சிகிச்சையையும் உடன்கொண்டு வருவதால், பெயர் பொருந்தாவிடின் சிகிச்சையும் பொருந்தாமற் போகின்றது.

தமிழில் வழங்கும் குழந்தைத் தோல்நோய்ப் பெயர்கள் கூர்ந்த நோக்கின் பதிவுகள். எனினும் அவை எதைப் பிரித்துக் காட்டின, எதை ஒன்றாகச் சேர்த்துவிட்டன என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. மைசூர், பெங்களூரு வட்டாரத்தில் அம்மைத் தடுப்பு வேரூன்றிய வரலாற்றினை அடிப்படையாகக் கொண்டு, பெயருக்கும் நோயறிதலுக்கும் உள்ள உறவினை இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் பெங்களூரு இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும்.

அம்மை: ஒரு பெயர், பல நோய்கள்

உடம்பில் கொப்புளமோ தடிப்போ எழும் காய்ச்சல் பலவற்றுக்கும் ‘அம்மை’ என்பதே தமிழில் பொதுப்பெயர். அதன்கீழ்ப் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என உட்பிரிவுகள் உள்ளன. பெரியம்மையைக் குறிக்கும் ‘வைசூரி’ என்பதை, பருப்பின் வடிவை ஒட்டி எழுந்த ‘மசூரிகா’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். ‘மணல்வாரி’ என்னும் பெயரோ மணலை வாரி இறைத்தாற்போன்ற நுண்ணிய தடிப்பினைக் கண்முன் நிறுத்துகின்றது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளமும் தட்டம்மையில் நீரற்ற சிவந்த தடிப்பும் காணப்படுவதை இப்பெயர்களை வழங்கியோர் அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

இவற்றைப் பிரித்தறிதல் பிற நாடுகளிலும் எளிதாக அமையவில்லை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல்ராசி, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூல் இயற்றினார். பெரியம்மையையும் சின்னம்மையையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய வில்லியம் ஹெபர்டனின் கட்டுரை 1767இல்தான் இலண்டனில் வாசிக்கப்பட்டது. பெரியம்மையில் முத்துக்கள் முகம், கை, கால்களில் செறிந்து, உள்ளங்கை, உள்ளங்காலிலும் தோன்றும். ஓரிடத்து முத்துக்கள் யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் மிகுதி. தடிப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் காணப்படும். பேரளவில் உயிர்கொல்லும் நோயையும் பெரும்பாலும் தானே தணியும் நோயையும் பிரிக்கும் எல்லை இதுவே.

தமிழ் வழக்கு இந்நோய்களைப் பெயரளவில் பிரித்தது. நடைமுறையில் ஒன்றாகவே நடத்தியது. கொப்புளம் ‘முத்து’ எனப்பட்டது, நோய் ‘வார்த்தது’, தணிந்தபோது ‘இறங்கியது’, நோய் நீங்கிய பின் தலைக்குத் தண்ணீர் வார்க்கப்பட்டது. இவ்வழக்குகள் அனைத்தும் மாரியம்மன் வழிபாட்டோடு பிணைந்தவை. நோயுற்ற குழந்தையைத் தனியறையில் வைத்தல், வெளியார் வருகையைத் தடுத்தல் ஆகியன தொற்றினைக் குறைக்கக்கூடியவை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மைசூர் அரண்மனையும் அம்மைப்பாலும்

எட்வர்டு ஜென்னர் 1796இல் செய்து பார்த்து 1798இல் வெளியிட்ட பசு அம்மைத் தடுப்பு, 1802 ஜூனில் பம்பாயை அடைந்தது. அங்கு மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதலில் அது செலுத்தப்பட்டது. ஒரு குழந்தையின் புயத்திலிருந்து மற்றொரு குழந்தையின் புயத்துக்கு என்னும் முறையிலேயே மருந்து ஊர்விட்டு ஊர் சென்றது. அதே ஆண்டில் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கும் கப்பலில் இவ்வாறே கொண்டுசெல்லப்பட்டது.

இத்தடுப்பு மைசூர் அரண்மனையை எட்டியதற்குச் சான்றாகக் கருதப்படுவது, 1805ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். தாமஸ் ஹிக்கி வரைந்ததாகக் கருதப்படும் இதில் மூன்று பெண்கள் உள்ளனர். நெடுங்காலம் இவர்கள் ஆடல்மகளிர் என்றே எண்ணப்பட்டனர். வலப்புறம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராச உடையாரின் இளைய அரசி தேவஜம்மணி என்றும், சேலையை ஒதுக்கி அவர் காட்டும் இடப்புயமே அம்மை குத்திய இடம் என்றும் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்செலர் 2001இல் கருத்துரைத்தார். இடப்புறம் உள்ள மூத்த அரசியின் மூக்கையும் வாயையும் சுற்றிய நிறமாற்றம், அம்மைப் பொருக்கின் தூளை மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளம் என்பதும் அவர்தம் கருத்து. நடுவில் உள்ளவர் அரசரின் பாட்டியார் இலட்சுமி அம்மணி எனக் கொள்ளப்படுகின்றார். இவர் தம் கணவரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர் என்பர்.

இவ்விளக்கம் ஏற்கப்படின், தோலைப் பார்த்து நோயறியும் மரபில் ஒரு புதிய நிகழ்வினை இவ்வோவியம் காட்டுகின்றது எனலாம். தோலில் உள்ள தழும்பு அதுவரை நோய் வந்து போனதன் அடையாளமாக இருந்தது. இங்கு அது நோய் வாராமைக்கான அடையாளமாகக் காட்டப்படுகின்றது. அப்போது தேவஜம்மணி ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவர் அம்மை குத்திக்கொண்டது மக்களிடையே நல்ல விளைவினை உண்டாக்கியது என 1806ஆம் ஆண்டின் ஆவணக் குறிப்பொன்று கூறுகின்றது.

சொல்லின் வழி வந்த ஏற்பு

மைசூரில் அரசியின் உருவம் ஆற்றிய பணியைச் சென்னையில் தமிழ்ச்சொல் ஆற்ற முயன்றது. திராவிட மொழிக்குடும்பக் கருத்தினை 1816இல் வெளியிட்டவராகத் தமிழறிஞர் போற்றும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், அம்மை குத்துதலை மக்கள் ஏற்கும் பொருட்டுத் தமிழில் ஒரு நூல் ஆக்கினார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த அந்நூல், பசுவின் மடியில் தோன்றும் அம்மையைத் தெய்வத்தின் கொடையாகக் காட்டுகின்றது. 1819 ஜனவரியில் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ‘கல்வி விரும்பன்’ என்னும் புனைபெயரில் வெளிவந்த கடிதம், பசு அம்மைத் தடுப்பு பழைய வடமொழி நூலிலேயே உள்ளது என உரைத்தது. அக்கூற்று நன்னோக்குடைய புனைவு என்பதை டொமினிக் உஜாஸ்டிக் பின்னாளில் ஆராய்ந்து காட்டினார். இந்தியர் ஜென்னருக்கு முன்பே பசு அம்மைத் தடுப்பினை அறிந்திருந்தனர் என இன்றும் சிலர் எழுதுவதற்கு இத்தகைய எழுத்துகளே தோற்றுவாய் என்பதை ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும்.

புனைவு நிலைக்கவில்லை, சொல் நிலைத்தது. செலுத்தப்படும் நீர் ‘அம்மைப்பால்’ எனப்பட்டது; செலுத்துதல் ‘அம்மை குத்துதல்’ ஆயிற்று. அயல்நாட்டுத் தொழில்நுட்பம், தாயையும் பாலையும் உணர்த்தும் சொற்களைப் பெற்றுத் தமிழ் வீட்டுக்குள் நுழைந்தது. மக்கள் நோய்க்கு இட்ட பெயரை மறுக்காது, அப்பெயரினின்றே புதிய சொல்லை ஆக்கியமை இதில் காணத்தக்க நெறியாகும்.

பெங்களூருவில் அம்மைத் தடுப்பு

1809இல் பெங்களூருவில் ஆங்கிலேயர் படைக்குடியிருப்பு அமைந்தது. சென்னை மாகாணத்தினின்று படைவீரரும் வணிகரும் தொழிலாளரும் குடியேறினர். அல்சூர், இன்றைய சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் தமிழ் வேரூன்றியது. மாரியம்மன் வழிபாடும் அம்மை பற்றிய வழக்குகளும் இம்மக்களோடு உடன்வந்தன. கன்னட மக்களிடத்தும் நோயை ‘அம்ம’ எனச் சொல்லும் வழக்கு இருந்தமையால் இரு மரபும் எளிதிற் கலந்தன.

புயத்திலிருந்து புயத்துக்குச் செலுத்தும் முறைக்குச் சாதி உணர்வு தடையாயிற்று. ஒரு குழந்தையின் பிற நோய் மற்றொன்றுக்குப் பரவும் இடரும் அதில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் இவ்விரு தடைகளையும் நீக்கியது. சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் இப்பணிக்கெனத் தோன்றியதே. பெங்களூருவில் மைசூர் அரசின் அம்மைப்பால் நிலையத்தோடு இணைத்து எண்ணப்படுபவர் மருத்துவர் பல்பு (1863–1950). சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், ஈழவர் என்பதால் சொந்தச் சமஸ்தானமான திருவிதாங்கூரில் பணி மறுக்கப்பட்டவர். சென்னையில் அம்மைப்பால் நிலையத்தில் பணியாற்றிய பின் மைசூர் மருத்துவத் துறையில் சேர்ந்தார். 1898இல் பெங்களூருவைப் பிளேக் தாக்கியபோதும் அரும்பணி ஆற்றினார். தீண்டாமையால் விலக்கப்பட்ட ஒருவர் மேற்பார்வையில் உருவான மருந்து எல்லாக் குலத்துக் குழந்தைகளின் தோலிலும் ஏறியமை சமூக வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

பெரியம்மை ஒழிப்பும் படவழி நோயறிதலும்

இந்திய அரசு 1962இல் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் பணியாளர் வீடுதோறும் சென்றபோது பெரியம்மை கண்ட குழந்தையின் வண்ணப்படம் பொறித்த அட்டையைக் காட்டி, ‘இதுபோல் யாருக்கேனும் உண்டா’ என வினவினர். வட்டாரந்தோறும் பெயர் மாறிய நிலையில், பெயரைக் கேட்பதினும் உருவத்தைக் காட்டுதல் பிழையற்றதாக இருந்தது. 1975 மே மாதத்தில் நாட்டின் இறுதி நிகழ்வு பதிவாயிற்று. 1980 மே 8இல் உலகச் சுகாதாரப் பேரவை உலகளாவிய ஒழிப்பினை அறிவித்தது.

நோய் மறைந்தது, பெயர் மறையவில்லை. பெரியம்மையின் அச்சமும் விலக்குகளும் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் உரியனவாகத் தொடர்ந்தன. இவற்றுள் தட்டம்மை இன்றும் கருதத்தக்க நோய். இருமல், மூக்கொழுக்கு, கண் சிவத்தல் ஆகியவற்றோடு காதின் பின்புறத்தும் முகத்திலும் தொடங்கிக் கீழிறங்கும் தடிப்பு அதன் அடையாளம். அது நுரையீரலையும் கண்ணையும் தாக்கவல்லது. வைட்டமின் ஏ அளித்தல் அத்தீங்கினைக் குறைக்கின்றது. ‘அம்மை’ எனக் கருதி வீட்டிலேயே வைத்திருப்பின் குழந்தை இழப்பது இச்சிகிச்சையையே. சின்னம்மையில் தூய நீரால் குளிப்பாட்டுதலும் நகத்தை வெட்டுதலும் சீழ்பிடித்தலைத் தடுக்கும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது.

கரப்பான்

பெரியம்மை நீங்கிய பின் குழந்தைத் தோல்நோய்களுள் முதன்மை பெறுவன அன்றாடம் காணப்படுவன. அவற்றுள் ஒன்று கரப்பான். சித்த மருத்துவத்தின் குழந்தை மருத்துவப் பிரிவாகிய பாலவாகடம் இதனை விரிவாகப் பேசுகின்றது. மண்டைக்கரப்பான், செங்கரப்பான், கருங்கரப்பான், வறட்சிக் கரப்பான், ஓடுகரப்பான் என்னும் வகைகள் இடம், நிறம், ஈரம், பரவுதல் ஆகிய நான்கினையும் அளவைகளாகக் கொண்டவை. கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் வளர்ந்த குழந்தைக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் அரிப்புடன் தோன்றும் ஒவ்வாமைத் தோலழற்சியை இன்றைய மருத்துவர் அறிவதும் ஏறத்தாழ இவ்வளவைகளால்தான்.

எனினும் ‘மண்டைக்கரப்பான்’ என்னும் ஒரே பெயர் மூன்று நிலைகளுக்கு வழங்குகின்றது. பிறந்த சில வாரங்களில் தலையில் படியும் எண்ணெய்ப் பசையுள்ள செதில் தானே நீங்கக்கூடியது. பேன் அரிப்பால் உண்டாகும் புண், பேனை நீக்கினால் ஆறும். தலையில் பற்றும் பூஞ்சைப் படையோ மயிர்க்காலின் வேருக்குள் இருப்பதால் மேற்பூச்சால் தீராது, உள்மருந்து வேண்டும். மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பூசப்படின், மூன்றாவது நிலைக் குழந்தை முடியை நிலையாக இழக்கவும் கூடும்.

அறுகம்புல்லைக் கொண்டு செய்யும் அருகன் தைலம் போன்ற எண்ணெய்ப் பூச்சுகள் வறண்ட தோலுக்கு ஈரம் காக்கின்றன. இன்றைய சிகிச்சையிலும் ஈரம் காத்தலே அடிப்படை. ஆனால் ‘கரப்பான் பண்டம்’ என்னும் கருத்தினால் வளரும் குழந்தைக்குப் பல உணவுகளை ஒருசேர விலக்குதல் ஊட்டக்குறைவுக்கு வழிவகுக்கும். குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை உறுதிப்பட்டாலன்றி உணவு விலக்கு பயன்தருவதில்லை.

சிரங்கு

‘சொறி சிரங்கு’ என இணைமொழியாகவே வழங்கும் இச்சொல் இரு நோய்களை உள்ளடக்கியது. ஒன்று, தோலுள் வளைதோண்டி வாழும் நுண்பூச்சியால் வருவது. மற்றொன்று, நுண்ணுயிரால் சீழ்வைத்துத் தேன்நிறப் பொருக்குக் கட்டுவது. முதலாவதைச் சொறிவதனால் இரண்டாவது தோன்றுவதுண்டு. ஆகவே ‘சொறி’யையும் ‘சிரங்கை’யும் அடுத்தடுத்து நிறுத்திய வழக்கு, காரண காரியத் தொடர்பினை உணர்ந்த ஒன்று எனக் கருத இடமுண்டு.

நுண்பூச்சியினை 1687இல் இத்தாலியின் பொனோமோ விளக்கினார். 1834இல் பாரிசில் ரெனூச்சி அதனைத் தோலினின்று எடுத்துக் காட்டிய பின்னரே மருத்துவ உலகம் முழுமையாக ஏற்றது. இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கொப்புளம், வீட்டில் பிறருக்கும் அரிப்பு ஆகியவை இதனை அறியும் வழி. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களிலும் தோன்றும். பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுப் பூச்சினை வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளில் உடல் முழுதும் பூசி, ஒரு வாரத்துக்குப் பின் மீளப் பூசுதல் வழக்கமான சிகிச்சை. குழந்தைக்கு மட்டும் பூசினால் நோய் திரும்பும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கந்தகக் களிம்பு இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றது. சித்த மரபில் தோல்நோய்க்குக் கந்தகம் பெற்றிருந்த இடம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சீழ்ச்சிரங்கினைச் சிறு நோயென ஒதுக்குதல் தகாது. சிலவகை நுண்ணுயிர்த் தொற்றினால் சில வாரங்களில் சிறுநீரக அழற்சி தோன்றி, முகம் அதைத்துச் சிறுநீர் சிவக்கும். ‘சிரங்கு’ என்னும் எளிய சொல் இவ்விடரை மறைத்துவிடுகின்றது.

படை, தேமல், புழுவெட்டு, அக்கி

வட்டமாகப் பரந்து விளிம்பில் சிவந்து செதிலுதிர்க்கும் பூஞ்சைநோய் ‘படை’ அல்லது ‘வண்டுகடி’ எனப்படுகின்றது. கன்னடத்தில் இது ‘ஹுளுகட்டி’. ‘ஹுளு’ என்பது புழு. இரு மொழிகளும் உயிரி ஒன்றினைக் காரணமாகக் கருதின. இன்றைய இடர் வேறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பினை மருந்துக்கடையில் தாமே வாங்கிப் பூசும்போது அரிப்பு தணிகின்றது. பூஞ்சையோ மேலும் பரவி, உருமாறி, அறிதற்கு அரியதாகின்றது.

‘தேமல்’ இலக்கிய மரபில் வேறு பொருள் உடையது. சங்க இலக்கியத்துச் ‘சுணங்கு’ என்பதற்கு உரையாசிரியர் தரும் பொருள் தேமல். அங்கு அது மகளிர் அழகின் கூறு. வழக்கில் அதே சொல் குழந்தையின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய புள்ளியைக் குறிக்கின்றது. இது பெரும்பாலும் வறட்சியால் வருவது, தானே மறையும். பெற்றோர் இதனை வெண்புள்ளி நோயென அஞ்சுவதுண்டு. உணர்ச்சியற்ற வெளிறிய திட்டாயின் அது தொழுநோயாக இருக்கக்கூடும் என்பதால் தொடுவுணர்வினைச் சோதித்தல் இன்றியமையாதது.

‘புழுவெட்டு’ என்பது பெயர் வழிதவறச் செய்தலுக்குத் தக்க சான்று. தலைமுடி வட்டமாக உதிரும் இந்நிலையில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்காலையே தாக்குவதால் நேர்கின்றது. இதே தோற்றத்தில் செதிலும் முறிந்த முடியும் காணப்படின் அது தலைப்படை. இரண்டன் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று மாறானவை.

‘அக்கி’க்குக் குயவர் செம்மண் காவியால் எழுதும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ளது; சிங்க உருவம் வரைதலும் உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக எழும் இக்கொப்புளத்தைக் கன்னடம் ‘சர்ப்பசுத்து’ என்கின்றது. பாம்பு சுற்றியது என்பது பொருள். தமிழ்ப்பெயரோடு சடங்கும், கன்னடப்பெயரோடு வடிவமும் முன்னிற்கின்றன. நலமுள்ள குழந்தைக்கு இந்நோய் இரண்டு, மூன்று வாரங்களில் தானே தணிவதால் எழுதியதன் பயனாகத் தோன்றுகின்றது. கண்ணருகில் தோன்றுவது மட்டும் காத்திருத்தற்கு உரியதன்று. பார்வைக்கு ஊறு விளையும்.

அகராதியும் மருத்துவமனையும்

பௌரிங் மருத்துவமனை (1868), விக்டோரியா மருத்துவமனை (1900), மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான வாணிவிலாஸ் மருத்துவமனை (1935), இந்திராகாந்தி குழந்தைகள் நல நிலையம் எனப் பெங்களூருவின் பொது மருத்துவமனைகள் பல்மொழி மக்களுக்குப் பணிபுரிபவை. தமிழ்த்தாய் ‘சிரங்கு’ என்பதும் கன்னடத்தாய் ‘கஜ்ஜி’ என்பதும் முற்றும் ஒன்றல்ல. ‘கஜ்ஜி’ நுண்பூச்சி நோயை முதன்மையாகச் சுட்ட, ‘சிரங்கு’ சீழ்ப்புண்ணையும் தழுவுகின்றது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது நோயறிதல் பிறழ வாய்ப்புண்டு.

இவ்வகையில் அகராதியாளர் பணி மருத்துவப் பணியும் ஆகின்றது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். பெங்களூருவில் 1880இல் பிறந்த டி.வி. சாம்பசிவம் பிள்ளை, 1930களில் வெளிவரத் தொடங்கிய தம் மருத்துவ அகராதியில் சித்த மருத்துவச் சொற்களைப் பேரளவில் திரட்டித் தந்தார். அவர் மறைவுக்குப் பின்னரே அது முழுமையாக அச்சேறியது. இவ்வகராதிகள் சொல்லுக்கு ஆங்கில நிகரினைத் தருதலில் சிறந்தன. ஆனால் ஒரு வட்டாரப் பெயர் எந்த எந்த நிலைகளைத் தழுவுகின்றது, எந்த அடையாளத்தால் அவற்றைப் பிரிப்பது என்பது இன்னும் திரட்டப்பட வேண்டியதாகவே உள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, குழந்தைத் தோல்நோய்க்கான தமிழ்ப்பெயர்கள் இடம், வடிவம், நிறம், ஈரம் ஆகியவற்றை அளவையாகக் கொண்ட நோயறிதற் பதிவுகள். இரண்டு, மண்டைக்கரப்பான், சிரங்கு, புழுவெட்டு முதலிய பெயர்கள் வெவ்வேறு சிகிச்சை வேண்டும் நிலைகளை ஒன்றாக்குவதாலோ காரணத்தைத் திரித்துரைப்பதாலோ குழந்தைக்குத் தீங்கு நேர வாய்ப்பளிக்கின்றன. மூன்று, அம்மைத் தடுப்பு மைசூரிலும் சென்னையிலும் ஏற்கப்பட்டமைக்கு, மக்கள் அறிந்த உருவத்தையும் சொல்லையும் அது துணைக்கொண்டமை ஒரு காரணம்.

எனவே வட்டாரந்தோறும் வழங்கும் தோல்நோய்ப் பெயர்களை அவற்றின் அடையாளக் குறிப்புகளோடும், எல்லைப் பகுதிகளில் கன்னட, தெலுங்கு, மலையாள நிகரன்களோடும் திரட்டுதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பெரியம்மை ஒழிப்புப் பணியாளர் படத்தினால் செய்ததைச் சொல்லினாலும் செய்ய இயலும். தாய் சொல்லும் சொல் மருத்துவர்க்கு விளங்குமாயின், குழந்தைக்கு உரிய சிகிச்சை உரிய நாளில் கிட்டும்.